கண்டாவளையிலிருந்து கண்டிக்கு



யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியை அரசாங்கப் படங்கள் ஏ-9 எனக் குறிக்கின்றன. வன்னியில் வாழும் நாம் அதனைக் கண்டி வீதி என்றே வழங்கி வருகின்றோம். பஸ் வண்டிக்குக் காத்து நிற்பது கண்டி வீதியில்; சந்தைக்குச் செல்வது கண்டி வீதி வழியாக. இவ்வாறு கண்டி என்னும் சொல் எம் நாவில் நாள்தோறும் பத்து முறையேனும் வந்து போகும். ஆயினும் அந்நகரைக் கண்டோர் எம்மூரிற் சிலரே. சென்ற ஆண்டு எமது பாடசாலையிற் பத்தாந் தரத்திற் பயிலும் மாணவன் ஒருவன் தன் கட்டுரைக் கொப்பியில், "கண்டி வீதிக்குப் பக்கத்திலே பிறந்தேன், கண்டி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது" என எழுதியிருந்தான். அந்த ஒரு வாக்கியமே எமது கல்விச் சுற்றுலாவுக்குக் காரணமாயிற்று. கோயில்களையும், தேயிலையின் வரலாற்றையும், மரபு நடனத்தையும் ஒரே நாளிற் கண்டு திரும்புவதென முடிவு செய்தோம். அந்நாள் எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

கண்டாவளையை அறியாத நேயர்களுக்கு முதலில் எம்மூரைப் பற்றிச் சில சொற்கள். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிற் சிறிது தூரம் சென்றால் எமது பிரதேசத்தை அடையலாம். இரணைமடுக் குளத்தைத் தாண்டி வரும் கனகராயன் ஆறு கடனீரேரியை நாடி ஓடும் தாழ்நிலம் இது. ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் உவர்நிலம், இடையிடையே தென்னையும் பனையும். பங்குனி மாதத்திற் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கலுக்கு வன்னியின் நாற்றிசையிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். இந்நிலத்தில் ஒரு தேயிலைச் செடியேனும் இல்லை. அதற்கு வேண்டிய மழையும் குளிரும் உயரமும் இங்கில்லை.

செடி இல்லையெனினும் அச்செடியை அறிந்த கைகள் இங்குண்டு. தருமபுரம் முதலிய குடியேற்றங்களில் வாழ்வோருட் பலர் மலைநாட்டிலிருந்து வந்தோரும் அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளுமாவர். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும், 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களை வாட்டிய பஞ்சமும் அவர்களை வன்னிக் காடுகளை நோக்கித் துரத்தின. வந்தோர் காடு வெட்டினர், கிணறு தோண்டினர், கழனிகளிற் கூலிக்கு உழைத்தனர். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம்முடன் இடம்பெயர்ந்தனர். எம்முடனேயே மீண்டும் வந்தனர். அவர்தம் பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் இருக்கின்றார்கள்.

சுற்றுலாவன்று பின்னிரவு ஒரு மணிக்குப் பஸ் வண்டி புறப்பட்டது. பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாடசாலை வாயிலுக்கு வந்திருந்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டி தம் பேத்தியின் கையைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். "ஐயா, போற வழியில தேயிலைச் செடியக் கண்டா இந்தப் புள்ளயத் தொட்டுப் பாக்க விடுங்க. எங்க குடும்பத்துல தேயிலையத் தொடாம வளந்த மொதப் புள்ள இவதான்" என்றார். அவ்வாறே செய்வதாகச் சொன்னேன். அம்மூதாட்டியை நான் முன்னரே அறிவேன். அறிந்திருந்தும் அவர் முகத்தை நேரே பார்க்க எனக்குச் சிறிது கூச்சமாக இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

மாங்குளம், வவுனியா என ஊர்கள் இருளிற் கடந்தன. மதவாச்சியில் மன்னாரிலிருந்து வரும் வீதி கண்டி வீதியோடு வந்து சேருகின்றது. அவ்விடத்தில் வண்டியை நிறுத்தச் செய்து மாணவருக்கு ஒரு செய்தி சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்கெனத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டோர், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியிலே பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிய பின்னரே வழியின் கொடுமை தணிந்தது. அம்மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டில் அவர்தம் வழித்தோன்றல்களும் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். முன்னோர் நடந்த வழியை நாம் வண்டியிலிருந்தபடி மூன்று மணி நேரத்திற் கடந்துவிட்டோம்.

மாத்தளையை அடைந்தபோது பொழுது புலர்ந்திருந்தது. முத்துமாரியம்மன் கோயிலில் முதல் வழிபாடு செய்தோம். நடந்து வந்தோரின் வழி முடிந்து மலையேற்றம் தொடங்கும் நகரத்தில் இக்கோயில் அமைந்திருப்பது பொருத்தமேயாகும். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் இங்கு வீதியுலா வருகின்றன. 1983 ஆம் ஆண்டு வன்செயலில் தாக்கப்பட்ட இக்கோயில் பின்னர் மீள எழுந்தது. வானளாவிய கோபுரத்தை நிமிர்ந்து பார்த்த எம் மாணவர், "இதை யார் சேர் கட்டினது?" என வினவினர். தோட்டத்திலும் நகரத்திலும் உழைத்தோரின் பணம் என விடையளித்தேன்.

கண்டி நகரில் தலதா மாளிகைக்குச் சென்றோம். வாவியின் கரையிலே வெண்மதிலும் எண்கோண மண்டபமுமாக அது விளங்குகின்றது. வெண்ணிற ஆடை அணிந்து, கையில் மலர்த்தட்டு ஏந்தி வரிசையாக நின்ற மக்களோடு நாமும் நின்றோம். எண்கோண மண்டபத்தை எழுப்பிய கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழிவந்தவன் என்பதையும், 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் முடியிழந்து வேலூரிற் சிறையிருந்து அங்கேயே 1832 ஆம் ஆண்டில் இறந்தான் என்பதையும் மாணவர் நூலிற் படித்திருந்தனர். இம்மாளிகையும் 1998 ஆம் ஆண்டு சனவரியிற் குண்டுத் தாக்குதலாற் சேதமுற்றது. பல உயிர்கள் அன்று மாண்டன. காலையிற் கண்ட கோயிலும் இதுவும் மனிதரின் வெறுப்பினாற் காயமுற்றுப் பின்னர் மனிதரின் பக்தியினாற் சீர்பெற்றவை. இதனை மாணவருக்கு எடுத்துரைக்காது விடுவது ஆசிரியருக்கு அழகன்று எனக் கருதிச் சொன்னேன். அவர்கள் மௌனமாகக் கேட்டனர்.

மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கின்றது. பத்தினி என்பவள் நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவிற்கு இலங்கை வேந்தன் கயவாகு சென்றிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கண்டியிற் பத்தினி என்றும், எமது வன்னியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் என்றும் ஒருத்தியே போற்றப்படுகின்றாள். கொடிய நோய்கள் பரவுங் காலத்தில் இருமொழி மக்களும் அவளையே அழைத்தனர். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் கண்டு வளர்ந்த எம் மாணவர், இத்தேவாலயத்தில் அந்நியராக நிற்கவில்லை. ஒரு மாணவி சிங்கள மூதாட்டி ஒருவரிடம் எண்ணெய் வாங்கி விளக்கேற்றினாள். இருவருக்கும் மற்றவரின் மொழி தெரியாது. எனினும் ஏற்றும் முறை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

நண்பகலில் ஹந்தானை மலையிலுள்ள தேயிலை நூதனசாலைக்கு ஏறினோம். 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட நான்கு மாடித் தொழிற்சாலை ஒன்று 2001 ஆம் ஆண்டில் நூதனசாலையாக மாற்றப்பட்டது. வாட்டும் இடம், உருட்டும் பொறி, உலர்த்தும் அடுப்பு, சலிக்கும் தட்டு என ஒவ்வொன்றையும் காட்டி ஒரு தமிழ் இளைஞர் விளக்கினார். பச்சைக் கொழுந்தை முதலிற் பரப்பி வாட்டுவர். பின்னர் உருட்டிச் சாறு வெளிப்படச் செய்வர். காற்றுப்பட்டு நிறம் மாறும் வரை வைத்திருப்பர். தக்க நேரத்திற் சூடேற்றி உலர்த்துவர். ஒரு கிலோகிராம் தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோகிராமுக்கும் அதிகமான பச்சைக் கொழுந்து தேவையாகும் என்பதைக் கேட்டு மாணவர் வியந்தனர்.

வரலாற்றையும் அங்கு கற்றோம். ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டில், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டிற் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளிற் கோப்பித் தொழிலையே அழித்தது. டெய்லரின் பத்தொன்பது ஏக்கர் நாடெங்கும் பரவியது. டெய்லரின் பெயரை வரலாறு பேணி வைத்திருக்கின்றது, அது நன்றே. அப்பத்தொன்பது ஏக்கரிலும் குழி வெட்டி நாற்று நட்டோரின் பெயர்களை நாம் எங்கே தேடுவது?

பெயர் மட்டுமோ மறுக்கப்பட்டது? நாடு சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்றது. பத்தாண்டுகளின் பின்னர் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். நாடற்றோர் என எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது. இத்தனையையும் மாணவருக்கு நான் வகுப்பில் ஆண்டுகளாகவும் எண்களாகவும் கற்பித்திருந்தேன். அவை யாருடைய வீட்டில் நடந்தவை என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

நூதனசாலைக்கு வெளியே மலைச்சரிவில் தேயிலைச் செடிகள் இருந்தன. மூதாட்டிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. எம்மை அழைத்துச் சென்ற இளைஞர், "கொழுந்து கிள்ளுவது எப்படி? யாருக்குத் தெரியும்?" என விளையாட்டாகக் கேட்டார். அந்த மாணவி முன்னே சென்றாள். இரு கைகளும் ஒரே வேளையிற் செடியின் மேல் இறங்கின. இரண்டிலையும் மொட்டுமாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் எடுத்துக் கிள்ளினாள். கை நிறைந்ததும், சிறிதும் தயங்காமல், தோளுக்கு மேலாகப் பின்புறம் எறிந்தாள். முதுகிற் கூடை இல்லை. கொழுந்து நிலத்திற் சிதறியது. மற்ற மாணவர் சிரித்தனர். இளைஞர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, எந்தத் தோட்டம்?" எனக் கேட்டார். "கண்டாவளை" என்றாள். "அப்பாயி வேலியிலே முருங்கையிலை ஆயுறதைப் பார்த்துப் பழகினது."

நேயர்களே, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் விட்டு வந்த மலையை அம்மூதாட்டி எங்கள் வேலியோரத்து முருங்கை மரத்தில் வைத்துக் காத்திருக்கின்றார். அந்த வேலியை நான் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கின்றேன்.

மாலையிற் கண்டி வாவிக்கு அருகேயுள்ள மண்டபம் ஒன்றிற் கண்டிய நடனம் பார்த்தோம். பல நாட்டு உல்லாசப் பயணிகள் நிறைந்திருந்தனர். கெட்டபெர என்னும் முழவு ஒலிக்க, வெஸ் எனப்படும் வெள்ளி முடியும் மணிமாலைகளும் அணிந்த ஆடவர் சுழன்று ஆடினர். யானையின் நடையும் மயிலின் நடையும் நாகத்தின் நடையும் வன்னம் என்னும் ஆடல்களிற் காட்டப்படுகின்றன. நாகதம்பிரான் கோயிலருகே பிறந்த பிள்ளைகள் நாக வன்னத்தைக் கண்டு தம்முள் ஏதோ பேசிக்கொண்டனர். இறுதியிற் கலைஞர் தீ மிதித்தனர்.

இந்நடனம் கொகொம்ப கங்காரிய என்னும் சடங்கிலிருந்து வளர்ந்தது. நோயும் தீங்கும் நீங்கும்பொருட்டுக் கிராமங்களில் இரவு முழுவதும் ஆடப்பட்ட சடங்கு அது. அதனை ஆடியோரும் முழவு அடித்தோரும் சிங்களச் சமூகத்தில் தாழ்வாக மதிக்கப்பட்ட பெரவா என்னும் சாதியினர். இன்று அவர்களின் ஆட்டம் இந்நாட்டின் பெருமையாக உலகின் முன் வைக்கப்படுகின்றது. சித்திரசேன போன்ற கலைஞர்கள் அதனை நவீன அரங்குக்குக் கொணர்ந்தனர். பாடசாலைகள் அதனைப் பாடமாக ஏற்றன. தமிழ்ப் பக்கத்திலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. கண்டியை அடுத்த பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிற் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றி, நாட்டுக்கூத்தை ஏளனமாக நோக்கிய கற்றோரின் கண்களைத் திறந்தார். இதனை நான் கலைப்பட்டதாரி மாணவனாகப் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், புள்ளியும் பெற்றேன்.

இனி, முன்னர் கூறாது விட்ட காரணத்தைக் கூறுகின்றேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாசி மாதத்தில் முதியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தோளிலே தப்பு ஒன்று தொங்கியது. மலைநாட்டுத் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடுவித்த வாத்தியார் அவர். மாசி மாத வளர்பிறையிற் கம்பம் நட்டு, மன்மதனும் ரதியும் வேடம் புனைந்து ஆடி, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதோடு நிறைவெய்தும் கூத்து அது. தோட்டங்கள்தோறும் ஊர் முழுவதும் கூடி அதனை நடத்துவர். மாலை வேளைகளிற் பாடசாலை முற்றத்தில் மாணவர் சிலருக்கு அதனைப் பழக்க அனுமதி வேண்டுமென்றும், பரிசளிப்பு விழாவில் ஒரு பகுதியை ஆடிக்காட்ட இடம் வேண்டுமென்றும் முதியவர் கேட்டார்.

பரீட்சைக் காலம் எனக் கூறி, பண்பாகவே அனுப்பிவைத்தேன். அது உண்மைக் காரணமன்று. அவ்வாண்டு அதே மேடையிற் பரதநாட்டியம் நிகழ்ந்தது. முள்ளியவளைப் பக்கத்திற் புகழ்பெற்ற கோவலன் கூத்தின் ஒரு காட்சியும் நிகழ்ந்தது. அவற்றுக்குப் பரீட்சை தடையாகவில்லை. தப்பு சாவு வீட்டுக்குரியது என்ற எண்ணமும், அதை அடிப்போரைப் பற்றிய இழிவான எண்ணமும், வந்திருக்கும் பிரமுகர் என்ன நினைப்பர் என்ற அச்சமுமே உண்மைக் காரணங்கள். "தோட்டக்காட்டான்" என ஒரு மாணவன் மற்றொருவனை அழைத்ததற்காக நான் தண்டித்ததுண்டு. அவன் வாயாற் சொன்னதை நான் செயலாற் சொன்னேன். கண்டி மண்டபத்தில், கட்டணம் செலுத்தி, பிறர் முழவுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தபோது இது எனக்கு விளங்கிற்று. அம்முதியவர் அந்த மாணவியின் பாட்டனார்.

ஊர் திரும்பிய வாரமே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். முதியவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தப்பு சுவரில் தொங்கியது. மூதாட்டி எனக்குத் தேநீர் கொணர்ந்தார். நாம் வெறுந்தேத்தண்ணீர் என்பதை அவர் சாயத்தண்ணி என்பார். நான் வந்த நோக்கத்தையும், அன்று செய்த பிழையையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்க பரீட்சைன்னு சொன்னீங்கன்னு வந்து சொன்னாரு. பரீட்சை முடிஞ்சதும் கூப்பிடுவீங்கன்னு ரெண்டு மூணு மாசி பாத்துக்கிட்டே இருந்தாரு ஐயா" என்றார்.

என் பொய்யை அம்மனிதர் மெய்யென நம்பியிருக்கின்றார். ஓர் அதிபரின் சொல் என நம்பியிருக்கின்றார். அத்தேநீரை நான் எவ்வாறு குடித்து முடித்தேன் என்பதை அறியேன்.

முதியவரிடம் முன்னர் மன்மதன் வேடம் பழகிய ஒருவர் அயற் குடியேற்றத்தில் இருக்கின்றார் என மூதாட்டி சொன்னார். அவரை நாடிச் சென்றேன். இவ்வாண்டு மாசியில் எமது பாடசாலை முற்றத்தில் எட்டு மாணவர் மாலைதோறும் பழகினர். அவர்களில் மூவர் வன்னியிலேயே வேரூன்றிய குடும்பத்துப் பிள்ளைகள். கூத்து முழுவதும் ஆட இயலவில்லை. பாட்டுகள் சில எவர் நினைவிலும் இல்லை. இருந்தவற்றைக் கொண்டு ஒரு மணி நேரம் ஆடினர். பெற்றோர் நிறைந்திருந்தனர். எழுந்து சென்றோர் சிலரும் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. மூதாட்டி முன் வரிசையில் அமர்ந்து இறுதி வரை பார்த்தார். எப்படியிருந்தது எனக் கேட்டேன். "நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா ரதி நடக்குறது அப்படி இல்ல" என்றார். மறுநாள் மாலை, எவரும் அழைக்காமலே, பாடசாலைக்கு வந்து ரதியாக ஆடிய மாணவனுக்கு அந்த நடையை நடந்து காட்டினார்.

நேயர்களே, பயணம் நன்று. கோயில்களைக் காணுங்கள், தேயிலை மலைகளைக் காணுங்கள், கலைகளைக் கண்டு மகிழுங்கள். நானும் மாணவரை இன்னும் பல ஊர்களுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றேன். ஆனால் புறப்படுமுன்னர் உங்கள் அயல் வீட்டு வேலியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அங்கே ஒருவர் உங்கள் அழைப்புக்காகச் சில ஆண்டுகளாகக் காத்திருக்கவுங் கூடும். அவரை அழைப்பதற்குப் பரீட்சை முடியும் வரை பொறுத்திருக்க வேண்டாம்.